ரேஸ் கொடுத்தா முன் ஸ்பீக்கர்ல "ஙொய்ய்ய்" சத்தம்: ஸ்விஃப்ட் டீசல், நாலு சேனல் ஆம்ப்

#1 ஈரோடு_ஸ்விஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வண்டி 2015 ஸ்விஃப்ட் டீசல். போன மாசம் பழைய செட்டைக் கழட்டிட்டு 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), முன் கதவு ரெண்டுலயும் புது ஸ்பீக்கர், டிக்கியில பேஸுக்குன்னு 10 இன்ச் சப் (சப்வூஃபர்) எல்லாம் போட்டேன். ஆம்ப்ல ரெண்டு சேனல் கதவுக்கு, மீதி ரெண்டையும் பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒண்ணாச் சேர்த்து, சப்புக்குக் கொடுத்திருக்கு.

ஸ்டார்ட் பண்ணின உடனே முன் ஸ்பீக்கர்ல "ஙொய்ய்ய்"னு ஒரு சத்தம். ரேஸ் கொடுத்தா அது மெலிசாகிட்டே மேல ஏறுது, காலை எடுத்தா கூடவே இறங்குது. ஹெட்லைட், ஏசி ரெண்டையும் போட்டா இன்னும் பலமாகுது. இன்ஜினை அணைச்சிட்டுக் கீயை மட்டும் ஆன்ல வெச்சா சத்தமே இல்லைங்க, பாட்டு சுத்தமா இருக்கு. சப்லயும் ஒண்ணும் வரல.

வேலை செஞ்ச கடையில "ஃபில்டர் போட்டா போயிடும்"னு 450 ரூபாய்க்கு ஒண்ணு போட்டாங்க. போகல. இப்ப ஆம்பையே மாத்தணும்னு சொல்றாங்க. அப்பாவுக்கு வீணை, புல்லாங்குழல்தான் உசிரு. அதுல ரெண்டு மீட்டுக்கு நடுவுல வர்ற அமைதியிலதான் இந்தச் சத்தம் பளிச்சுனு கேக்குது. ஒரு தடவை பெருந்துறை தாண்டறதுக்குள்ள "செட்டை அணைச்சிருப்பா"ன்னுட்டார். அவருக்காகத்தான் இவ்வளவு செலவு பண்ணினதே. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க.

#2 தாமிரபரணி_78

செட்டுலயிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டு போற ஆர்சிஏ கேபிளையும் பேட்டரியிலிருந்து வர்ற பவர் வயரையும் ஒரே பக்கமா இழுத்திருப்பாங்க. பவர் வயர் இடது ஓரம், ஆர்சிஏ வலது ஓரம்னு பிரிச்சு விடுங்க, சரியாயிடும். நான் பார்த்த அஞ்சாறு வண்டியில இதுதான்.

#3 செம்புக்கம்பி

தம்பி, ஆம்பை மாத்தாதீங்க. இன்னொரு ஃபில்டரும் வாங்காதீங்க. கோயம்புத்தூர்ல 18 வருஷம் கார் ஆடியோ வேலை பார்த்தவன் சொல்றேன், இது பொருள் வாங்கித் தீர்ற விஷயம் இல்லை. சத்தம் எந்த வழியா உள்ளே வருதுன்னு தெரிஞ்சா அந்த வழியை அடைச்சிடலாம். தெரியாம எதை மாத்தினாலும் அது காசு.

நீங்க சொன்னதுலயே பாதி விடை இருக்கு. இன்ஜின் வேகத்தோட ஏறி இறங்குது, லைட்டும் ஏசியும் போட்டா கூடுது. அப்ப பிறப்பிடம் டைனமோ. அதாவது ஆல்டர்னேட்டர், நம்ம பட்டறைகள்ல டைனமோன்னுதான் பேரு. டீசல் வண்டிங்கறதால ஸ்பார்க் பிளக் விவகாரம் கிடையாது. கீ ஆன் பண்ணினதும் வேகம் மாறாம ஒரே ஸ்ருதியில "ம்ம்ம்"னு வந்திருந்தா ஃபியூயல் பம்பைச் சந்தேகப்பட்டிருப்பேன். உங்களுது அதுவும் இல்லை.

பிறப்பிடம் டைனமோன்னாலும் குத்தம் டைனமோ மேல இருக்கணும்னு இல்லை. எல்லா டைனமோவும் கொஞ்சம் அலையோடதான் கரண்ட் கொடுக்கும். அந்த அலை பாட்டு வர்ற கம்பிக்குள்ள ஏறாம இருக்கணும், அவ்வளவுதான்.

இப்ப இதைச் செய்யுங்க. வண்டியைத் திறந்த வெளியில நிறுத்துங்க, ஷெட்டுக்குள்ள வேண்டாம், இன்ஜின் ரொம்ப நேரம் ஓடும், புகை ஆபத்து. நியூட்ரல், ஹேண்ட்பிரேக். கூட ஒருத்தரை வெச்சுக்கோங்க, அவர் ரேஸ் கொடுக்கட்டும்.

முதல்ல செட்டுல வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. சத்தம் அப்படியே இருக்கா, குறையுதா? வால்யூமோட சேர்ந்து குறைஞ்சா சத்தம் செட்டுக்கு முன்னாலயே பாட்டோட கலந்துடுச்சு: ஆக்ஸ் கேபிள், சார்ஜர், யூஎஸ்பி அந்தப் பக்கம். பூஜ்யத்துலயும் மாறாம இருந்தா செட்டுக்குப் பின்னால எங்கேயோ சேருது.

அப்புறம் எல்லாத்தையும் அணைச்சிட்டு ஆம்ப்ல சொருகியிருக்கிற ஆர்சிஏ நாலையும் உருவுங்க. ஆம்ப் ஆன்ல இருக்கும்போது மட்டும் உருவாதீங்க, பல செட்டுல ஆர்சிஏவோட வெளி வளையத்துக்குப் போற எர்த் (மைனஸ்) தடம் தலைமுடி கனம்தான், பொசுக்குனு எரிஞ்சிடும். அது எரிஞ்சா இதே சத்தம் அதைவிடப் பலமா வரும். உருவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தம் இருந்தா ஆம்ப், அதோட பவர், ஸ்பீக்கர் வயர். சத்தம் போச்சுன்னா ஆம்ப் நல்லவன்.

மூணாவது, 3.5 எம்எம்-ஆர்சிஏ கேபிள் ஒண்ணு எடுத்து உங்க போனையே நேரா ஆம்ப்ல சொருகிப் பாட்டுப் போடுங்க. போன் சார்ஜர்ல இருக்கக் கூடாது, சீட்டு மேல சும்மா கிடக்கணும். ஆரம்பத்துல போன் வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கோங்க.

கடைசியா, தாமிரபரணி சார் சொன்னதைக் கார்பெட்டைப் பிரிக்காமலே பார்த்துடலாம். வேற ஒரு ஆர்சிஏ கேபிளை செட்டுலயிருந்து சீட்டு மேலயே தொங்க விட்டு ஆம்ப்ல சொருகுங்க. சத்தம் மாறினா கேபிள் போற பாதை. மாறலைன்னா பாதை இல்லை.

நாலையும் பார்த்துட்டு வந்து எழுதுங்க. நடுவுல எதையும் திருத்தாதீங்க, ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

#4 ஈரோடு_ஸ்விஃப்ட்

அண்ணா, ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை காலையில தம்பியைக் கூட வெச்சு எல்லாத்தையும் பார்த்துட்டேன்.

வால்யூம் பூஜ்யம்: சத்தம் அப்படியே இருக்கு, கொஞ்சமும் குறையல.
ஆர்சிஏ உருவினது: முழு அமைதி. ஸ்பீக்கர்ல காதை வெச்சா மட்டும் "ஸ்ஸ்"னு ரொம்ப மெலிசா வருது, அது ரேஸுக்கு மாறல.
போனை நேரா சொருகினது: சுத்தம். அப்பாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேக்க வெச்சேன்.
வேற கேபிள் சீட்டு மேல: அதே சத்தம், மாற்றமே இல்லை.

#5 தாமிரபரணி_78

அப்ப கேபிள் பாதை இல்லைன்னு தெளிவாயிடுச்சு. நான் பார்த்த வண்டியில எல்லாம் கேபிளைப் பிரிச்சு விடும்போது எர்த்தையும், அதாவது ஆம்போட மைனஸ் வயர் பாடியில சேர்ற இடத்தையும், புதுசா அடிச்சிருந்தோம். எது சரி பண்ணிச்சுன்னு இப்ப எனக்கே கேள்வியா இருக்கு.

#6 மின்னோட்டம்

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள். சப்பில் ஏன் சத்தம் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் போட்டால் அழகாக விடை வருகிறது.

ஆல்டர்னேட்டரில் மூன்று பேஸ் மின்சாரம் உருவாகி, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஆறு டயோடுகள் வழியாக நேர்மின்சாரமாகிறது. ஒரு மின்சுற்றுக்கு ஆறு சிறு மேடுகள் அதில் மிஞ்சும். பெரும்பாலான கார் ஆல்டர்னேட்டர்களில் 12 துருவங்கள், அதாவது 6 ஜோடி. எனவே ரோட்டர் ஒரு முறை சுற்றினால் 36 மேடுகள். இன்ஜின் ஐடிலில் 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் புல்லி அதை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கினால் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று, விநாடிக்கு 33. 36-ஆல் பெருக்கினால் 1200 ஹெர்ட்ஸ். இன்ஜினை 2500-க்குக் கொண்டுபோனால் 3750 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000-லிருந்து 5000 வரைதான். ரேஸ் கொடுக்கக் கொடுக்கச் சத்தம் நேராகக் காது வாசலுக்கே வந்து நிற்கிறது.

சப் சேனலிலோ 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வடிகட்டி இருக்கும். 1200-ஐ அது உள்ளே விடாது. சத்தம் அந்தச் சேனலுக்கும் வந்து சேர்கிறது, வாசலில் தடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். "சப் நன்றாக இருக்கிறது, எனவே முன் ஸ்பீக்கர் கோளாறு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டயோடு ஒன்று போயிருந்தால் கதை வேறு. மேடுகள் ஒழுங்கு தப்பி, அலை பெரிதாகிவிடும், சத்தமும் கரகரப்பாகக் கேட்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். ஹெட்லைட் எரியட்டும், இன்ஜின் 2000 அளவில் இருக்கட்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 0.5-ஐத் தாண்டினால் டயோடு பிளேட்டைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த சில மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் நேர்மின்சாரத்தையும் சேர்த்தெண்ணி 30-ஐ ஒட்டி ஏதோ காட்டும். முனைகளை மாற்றி வைத்ததும் அது பூஜ்யமானால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

#7 ரிச்சி_தெரு

எனக்கு ஃபில்டர்லதான் சரியாச்சு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வாங்கினேன், செட்டோட பவர் வயர்ல போட்டாங்க, அன்னைக்கோட போச்சு. அதனால ஃபில்டரே வேஸ்ட்னு சொல்ல முடியாது. எர்த் பிரச்சினைன்னா ஆர்சிஏ நடுவுல ஐசொலேட்டர்னு ஒரு குட்டி டப்பா கிடைக்குது, அதைப் போட்டுட்டா பத்து நிமிஷ வேலை.

#8 செம்புக்கம்பி

ரிச்சி_தெரு சார், உங்களுக்குப் போனது உண்மை, ஏன் போச்சுன்னும் சொல்லிடறேன். உங்க வண்டியில அலை பிளஸ் வயர் வழியா செட்டுக்குள்ள போயிருக்கு. ஃபில்டர்ங்கறது ஒரு காயிலும் கெப்பாசிட்டரும். பிளஸ் வழியா வர்ற அலையை அது அமுக்கும். தம்பி வண்டியில சத்தம் வர்றது எர்த் வழியா. அங்க பிளஸ்ல எத்தனை ஃபில்டர் போட்டாலும் வேற வாசல்ல காவல் வெச்ச கதைதான்.

ஐசொலேட்டர் உள்ள ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். எர்த்தை வெட்டிட்டு பாட்டை மட்டும் காந்தப் புலம் வழியா அந்தப் பக்கம் அனுப்பும். நல்லது விலை அதிகம். சின்ன டப்பாவுல இரும்பு கொஞ்சம்தான் இருக்கும், அதனால அடி ஸ்ருதி அதுக்குள்ள போனா மெலிஞ்சிடும், உடையவும் செய்யும். மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் அட்டை மாதிரி கேக்கும். வேற வழியே இல்லாத வண்டிக்கு நானும் போட்டிருக்கேன். ஆனா அது கடைசிப் படி.

தம்பி, உங்க சோதனை நாலும் ஒரே பக்கம் கை காட்டுது. ஆம்ப் தனியா நல்லாருக்கு, செட்டோட இணைச்சாதான் சத்தம். அப்ப ஆம்போட எர்த்தும் செட்டோட எர்த்தும் ஒரே மட்டத்துல இல்லை. ரெண்டு கிணத்துல தண்ணி வேற வேற உயரத்துல இருந்து, நடுவுல ஒரு குழாய் போட்டா தண்ணி ஓடத்தானே செய்யும்? அந்தக் குழாய் உங்க ஆர்சிஏவோட வெளி உறை. டைனமோ கரண்டுல ஒரு துளி அது வழியா ஓடுது, ஆம்ப் அதையும் பாட்டுன்னு நினைச்சுப் பெருசாக்குது. கார் ஆடியோல இதுக்கு கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வளையம்னு பேரு.

இப்ப ஆம்ப் எர்த் எங்க அடிச்சிருக்குன்னு பாருங்க. நான் ஊகிக்கறது சீட் போல்ட். மீட்டரை டிசி வோல்ட்டுல வெச்சு, ஒரு முனையை ஆம்போட எர்த் ஸ்க்ரூவுல, இன்னொண்ணை நீளமா ஒரு வயர் சேர்த்து பேட்டரி மைனஸ் தலையில வைங்க. இன்ஜின் ஓடட்டும், சப் நல்லா அடிக்கிற பாட்டாப் போடுங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லாருக்கு. ஓம்ஸ்ல வெச்சுப் பார்த்துட்டு "பூஜ்யம் காட்டுது, எர்த் சரி"ன்னு பல பேர் சொல்வாங்க. ஒரே ஒரு இழை தொட்டிருந்தாலும் ஓம்ஸ்ல பூஜ்யம்தான் காட்டும். பாரம் ஏறும்போது அளந்தாதான் உண்மை தெரியும்.

#9 ஈரோடு_ஸ்விஃப்ட்

அண்ணா, நீங்க சொன்னது அப்படியே. டிரைவர் சீட் போல்ட்டுக்கு அடியிலதான் எர்த் அடிச்சிருக்காங்க. பெயிண்ட் மேலயே வயர் முனையில இருக்கிற லக்கை (உலோக வளையத்தை) வெச்சு முறுக்கியிருக்கு. அளந்தா பேஸ் அடிக்கும்போது 0.42 வோல்ட் வரைக்கும் போகுது.

மின்னோட்டம் மேடம், பேட்டரியில ஏசி வோல்ட் 0.03தான். டைனமோ நல்லாருக்குன்னு எடுத்துக்கலாமாங்க?

#10 மின்னோட்டம்

தாராளமாக. டயோடுகளைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள்.

0.42 வோல்ட் என்றால் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். செட்டிலிருந்து வரும் பாட்டு சிக்னலே அதிகபட்சம் 2 வோல்ட் அளவுதான். மெல்லிய வீணை ஒலிக்கு அதில் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். அந்த 0.42-இல் அலை ஒரு நூறில் ஒரு பங்கு இருந்தால்கூட வீணையோடு போட்டி போட அது போதும்.

#11 செம்புக்கம்பி

சீட் போல்ட்டுல எர்த் அடிக்கிறது நல்ல பழக்கம் இல்லை தம்பி. அந்தப் போல்ட்டு மரையில பசை தடவியிருப்பாங்க, கரண்டுக்கு அது தடை. அதைவிட முக்கியம், சீட்டையும் பெல்ட்டையும் பிடிச்சு உயிரைக் காக்கிற போல்ட் அது. நடுவுல லக் வெச்சா அது ஒழுங்கா இறுகாது. கழட்டினதும் அந்தப் போல்ட்டைப் பழையபடி முழு இறுக்கத்துக்கு முறுக்கிடுங்க.

ஆம்ப்லயிருந்து ஒன்றரை அடிக்குள்ள தரைத் தகடுல ஒரு இடம் பாருங்க. ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில போய்ப் பார்த்துடுங்க, பிரேக் குழாயும் டீசல் குழாயும் அந்தப் பக்கமாப் போகும். உப்புத்தாள் போட்டு பெயிண்ட், அடியில இருக்கிற பிரைமர் எல்லாத்தையும் ஒரு ரூபா நாணயம் அளவுக்குத் தேய்ச்சு வெள்ளை இரும்பைக் காட்டுங்க. லக்கை ஒழுங்கா கிரிம்ப் பண்ணி, பல் வெச்ச வாஷர், நட்டு போல்ட் போட்டு முறுக்குங்க. செல்ஃப் ஸ்க்ரூ வேண்டாம், தகடு மெலிசு, ஆறு மாசத்துல தளர்ந்துடும். முறுக்கி முடிச்சதும் மேலயும் அடியிலயும் பெயிண்டோ கிரீஸோ தடவிடுங்க, இல்லேன்னா அடுத்த ஐப்பசி மழைக்குத் துரு ஏறும்.

வயரும் பாருங்க. எர்த் வயர் பவர் வயரைவிட மெலிசா இருக்கக் கூடாது. கிட்டுல வர்ற வயர் பலதும் அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசினது. அதே கனத்துல சுத்தச் செம்பு கடத்தறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் கடத்தும். வயரைக் குறுக்க வெட்டிப் பாருங்க, நடுவுல வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம்.

பவர் வயர்ல பேட்டரிகிட்ட ஒன்றரை அடிக்குள்ள ஃபியூஸ் இருக்கான்னும் பார்த்துடுங்க. சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. வண்டி தீப்பிடிக்காம இருக்கறதுக்கு அதுதான் காவல்.

#12 வடமராட்சி

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதிறன். இந்த இழையை முதலிலை இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன், நல்லாய் விளங்குது. என்ர வாகனம் டொயோட்டா அக்வா, ஹைபிரிட். இதிலை ஆல்டர்னேட்டரே இல்லை. ஆனாலும் ஆம்ப் பூட்டின நாளிலை இருந்து ஒரு மெல்லிய "ஈஈஈ" சத்தம். இஞ்சின் நிண்டு பற்றரியிலை ஓடேக்கையும் அந்தச் சத்தம் கிடக்கு. அக்ஸிலரேட்டரை மிதிச்சாலும் பெரிசா மாறேல்லை. இதுக்கும் இதே சோதனைதானோ?

#13 செம்புக்கம்பி

வணக்கம்ங்க. ஆமா, சோதனை நாலும் அதேதான். உங்க வண்டியில 12 வோல்ட் பேட்டரியை நிரப்பறது ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர். பெரிய பேட்டரியோட உயர் வோல்டேஜை அது வெட்டி வெட்டி 14-க்குக் கொண்டு வரும். இன்ஜின் ஓடுதா நிக்குதான்னு அதுக்குக் கவலை இல்லை, அதனாலதான் உங்க சத்தம் வேகத்தோட ஏறல.

உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கு. சின்னப் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்கு, ஆம்ப் பின்னாடி இருந்தா பவர் வயர் ஒண்ணரை மீட்டர்ல முடிஞ்சிடும். எர்த்தை அந்தப் பேட்டரியோட மைனஸ் வயர் பாடியில எந்த இடத்துல இறங்குதோ, அங்கேயே அடிச்சுப் பாருங்க. ஆரஞ்சு நிற உறை போட்ட வயர் கண்ணுல பட்டா கை வைக்காதீங்க, அது ஆளைக் கொல்ற வோல்டேஜ்.

பொதுவா இன்னொண்ணு. புது வண்டிகள்ல பேட்டரி மைனஸ் தலையில ஒரு சின்ன சென்சார் உக்காந்திருக்கும். அந்த மாதிரி வண்டியில ஆம்ப் எர்த்தை நேரா மைனஸ் தலையில போடாதீங்க, பாடியில போடுங்க. இல்லேன்னா ஆம்ப் குடிக்கிற கரண்ட் அந்த சென்சார் கணக்குல வராது.

#14 ஈரோடு_ஸ்விஃப்ட்

எர்த் மாத்தியாச்சுங்க அண்ணா. நீங்க சொன்ன மாதிரியே அடியில பார்த்துட்டுத்தான் ஓட்டை போட்டேன். பழைய வயரை வெட்டிப் பார்த்தா நடுவுல வெள்ளைதான், அலுமினியம். எலக்ட்ரிக்கல் கடையில 16 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ரெண்டடி வாங்கிப் போட்டேன். ஃபியூஸ் இருக்குங்க, பேட்டரியிலிருந்து ஒரு சாண்ல.

இப்ப அளந்தா 0.05 வோல்ட். பேஸ் கூட முன்னைவிட இறுக்கமா இருக்கு.

ஆனா சத்தம் முழுசாப் போகலைங்க. முக்கால்வாசி போச்சு. ரோட்டுல ஓடும்போது தெரியல. சிக்னல்ல நிக்கும்போது, அப்பா பாட்டு மெதுவா வெச்சுக் கேக்கும்போது இன்னும் லேசா இருக்கு. செட்டோட எர்த்தையும் கழட்டி டேஷ்போர்டு அடியில தனியா பாடியில அடிச்சுப் பார்த்தேன், கொஞ்சம் குறைஞ்சது, போகல. இதுக்கு மேல என்ன பார்க்கறதுன்னு தெரியல.

#15 மின்னோட்டம்

நீங்கள் ஒரு வளையத்தை மெலிதாக்கிவிட்டீர்கள், இன்னொன்று மிச்சம் இருக்கிறது. செட்டின் பின்னால் எத்தனை கம்பிகள் சொருகியிருக்கின்றனவோ அத்தனையும் எர்த் வரக்கூடிய வழிகள். முதலில் ஆன்டெனா பிளக்கை உருவிப் பாருங்கள். அதன் வெளி உறை கூரையில் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

#16 தாமிரபரணி_78

தம்பி, ரிவர்ஸ் கேமரா போட்டிருக்கீங்களா? முதல் பதிவுல சொல்லவே இல்லை. ஆண்ட்ராய்டு செட்டுன்னா கூடவே கேமரா போடாம விடமாட்டாங்களே. இருந்தா அதோட மஞ்சள் பின்னை செட்டுக்குப் பின்னால உருவிட்டுக் கேளுங்க.

#17 ஈரோடு_ஸ்விஃப்ட்

தாமிரபரணி சார்!

இருக்குங்க. நம்பர் பிளேட் மேல. ஆடியோவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நான் எழுதவே இல்லை.

ஆன்டெனாவை உருவினேன், மாற்றம் இல்லை. மஞ்சள் பின்னை உருவினேன். சத்தம் சுவிட்ச் போட்ட மாதிரி நின்னுடுச்சு. மறுபடி சொருகினா வருது, உருவினா போகுது. நாலு தடவை செஞ்சு பார்த்துட்டேன். தம்பி 3000 வரைக்கும் ரேஸ் கொடுத்தான், ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் ஆன். ஒண்ணுமே இல்லைங்க. கை நடுங்கிடுச்சு எனக்கு.

ஆனா ரிவர்ஸ் போடாதப்ப கேமராவுக்குக் கரண்டே போகாதே, அப்புறம் எப்படி?

#18 மின்னோட்டம்

மிக நல்ல கேள்வி. கேமராவின் பிளஸ் மட்டும்தான் ரிவர்ஸ் லைட்டிலிருந்து வருகிறது, ரிவர்ஸ் போட்டால்தான் வரும். மைனஸ் அப்படி இல்லை. அது பின் விளக்குக்குப் பக்கத்தில் பாடியோடு நிரந்தரமாக இணைந்திருக்கிறது. கேமராவுக்குள் அந்த மைனஸும் வீடியோ கேபிளின் வெளி உறையும் ஒன்றே. அந்த உறை நாலு மீட்டர் ஓடி வந்து செட்டின் எர்த்தில் சேருகிறது.

இப்போது வண்டியை மேலிருந்து பாருங்கள். டிக்கியில் ஒரு எர்த், டேஷ்போர்டில் ஒரு எர்த், சீட்டுக்கடியில் ஒரு எர்த். மூன்றையும் பாடித் தகடு கீழே இணைக்கிறது, வீடியோ கேபிளும் ஆர்சிஏவும் மேலே இணைக்கின்றன. டிக்கியிலிருந்து வரும் அலை செட்டின் சர்க்யூட் போர்டு வழியாக நடந்து ஆர்சிஏ உறையில் இறங்குகிறது. கேமரா தூங்கிக்கொண்டிருந்தாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும்.

கேமராவைத் தாமிரபரணி சார் நினைவுபடுத்தியிராவிட்டால் நாம் எல்லோரும் செட்டையே சந்தேகப்பட்டிருப்போம்.

#19 செம்புக்கம்பி

சரியாப் பிடிச்சீங்க தாமிரபரணி சார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தம்பி, இதுக்குக் காசு செலவு கிடையாது. பின் விளக்குகிட்ட பாடியில அடிச்சிருக்கிற கேமரா மைனஸைக் கழட்டிடுங்க. அதுக்குப் பதிலா ஒரு மெலிசு வயரை வீடியோ கேபிளோடயே சேர்த்து முன்னாடி கொண்டு வந்து, செட்டோட எர்த் எங்க அடிச்சிருக்கோ அங்கேயே சேருங்க. கேமரா குடிக்கிறது ரொம்பக் கம்மி, சாதாரண வயர் போதும். கேமரா உடம்பு பிளாஸ்டிக்கா இரும்பான்னு பாருங்க. இரும்பா இருந்து பாடியில நேரா முறுக்கியிருந்தா நடுவுல ஒரு ரப்பர் வாஷர் கொடுங்க, இல்லேன்னா அது வழியா மறுபடி எர்த் ஆயிடும்.

அடுத்தது கெயின், அதாவது உள்ள வர்ற சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருசாக்கணும்கற அளவு. ஆம்ப்ல கெயின் திருகி எந்த இடத்துல இருக்கு? முக்கால்வாசிக் கடையில அதை வால்யூம்னு நினைச்சு முழுசாத் திறந்து விட்டுடறாங்க. செட்டு 2 வோல்ட் கொடுக்குது, ஆம்ப் கெயின் 0.2 வோல்ட்டுல நிக்குதுன்னா, உள்ள வர்ற எந்தச் சத்தமும் தேவையில்லாம பத்து மடங்கு பெருசாகும். கெயினைக் கீழ இறக்குங்க, செட்டு வால்யூமை முக்காலுக்கு வைங்க, அப்புறம் கெயினை மெதுவா ஏத்துங்க. பாட்டு லேசாக் கரகரக்கற இடத்துல நிறுத்தி ஒரு முள் பின்னாடி வாங்க. நீங்க ஆர்சிஏ உருவினப்ப கேட்ட "ஸ்ஸ்" கூட இதுல குறையும்.

அந்த 450 ரூபா ஃபில்டரையும் எடுத்துடுங்க. அதோட வயர் ரொம்ப மெலிசா இருந்தா செட்டுக்கு வோல்டேஜ் குறையும்.

#20 காவிரிக்கரை

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என்னுது பழைய பெட்ரோல் கார். எனக்கு "ஙொய்" இல்லை, "டிக் டிக் டிக்"னு வருது, ரேஸ் கொடுத்தா வேகமாகுது. எஃப்எம்ல மட்டும்தான், யூஎஸ்பில பாட்டுப் போட்டா இல்லை. இதுவும் எர்த்தா?

#21 செம்புக்கம்பி

இல்லைங்க. யூஎஸ்பில இல்லை, எஃப்எம்ல மட்டும்னா அது காத்து வழியா ஆன்டெனாவுக்குள்ள போகுது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி நம்பரைப் பாருங்க. என்ஜிகே பிளக்குன்னா நம்பர்ல ஆர் எழுத்து இருக்கணும், உள்ள ரெசிஸ்டர் இருக்குங்கறதுக்கு அடையாளம். ஆர் இல்லாத பிளக்கை யாராவது மாத்திப் போட்டிருந்தா ஒவ்வொரு பொறியும் ரேடியோவுல கேக்கும். பிளக் சரின்னா அதுக்குக் கரண்ட் கொண்டு போற ஹைடென்ஷன் வயரைப் பாருங்க. ராத்திரி இருட்டுல பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓட விட்டா, உறை வெடிச்ச வயர்ல நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையால தொடாதீங்க.

#22 வடமராட்சி

அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரி எர்த்தை மாத்தி அடிச்சன். சத்தம் பாதி குறைஞ்சிட்டுது. மிச்சத்துக்கு கேமராப் பின்னையும் கழட்டிப் பாத்தன், அது இல்லை. பிறகு பாத்தால் போன் சார்ஜர்! சிகரெட் லைட்டர் சொக்கெற்றிலை எந்த நேரமும் செருகி விட்டிருக்கிறன். அதைக் கழட்டினவுடனை சத்தம் நிண்டிட்டுது. வேறை சார்ஜர் ஒண்டு மாத்தப் போறன். எல்லாருக்கும் நன்றி.

#23 ஈரோடு_ஸ்விஃப்ட்

எல்லாம் முடிஞ்சதுங்க. கேமரா மைனஸை முன்னாடி கொண்டு வந்துட்டேன். கேமரா பிளாஸ்டிக்தான். ரிவர்ஸ் போட்டா படம் முன்னைவிடத் தெளிவா வருது, முன்ன ஓரத்துல கோடு கோடா ஓடிட்டு இருந்தது, அதுவும் போச்சு. ஃபில்டரைக் கழட்டியாச்சு. கெயின் முழுசாத் திறந்துதான் இருந்தது அண்ணா, இப்ப கால்வாசிக்குக் கொஞ்சம் மேல நிக்குது, சத்தம் போதலைன்னு ஒருநாளும் தோணல.

மொத்தச் செலவு செம்பு வயர், லக், ரெண்டு வாஷர், ஒரு உப்புத்தாள்.

நேத்து சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டு பவானி கூடுதுறை வரைக்கும் போயிட்டு வந்தேன். போகும்போது வீணை. லட்சுமி நகர் சிக்னல்ல வண்டி நின்னுச்சு, இன்ஜின் ஓடிட்டுத்தான் இருக்கு, பாட்டுல ஒரு மீட்டு முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள அந்தச் சின்ன இடைவெளி. அப்பா ஸ்பீக்கர் பக்கம் குனிஞ்சு கேட்டார். அப்புறம் நிமிந்து உக்காந்து, கண்ணாடியை ஏத்தி விடுன்னு மட்டும் சொன்னார். வெளிய பஸ் சத்தம் வருதாம்.